முப்பத்திரண்டு கோர்களும் ஒரே ஒரு பேனாவும்



சென்ற மாதம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானத்தை எதிர்த்துப் பேசினேன். தீர்மானம் இதுதான்: பள்ளியின் மதிப்பீட்டுத் தரவுத்தளம் மிகவும் மந்தமாக இயங்குவதால், உணவுச் சந்தை நடத்தித் திரட்டிய நிதியிலிருந்து 18,000 ரிங்கிட் எடுத்து, 32 கோர்கள் கொண்ட புதிய வழங்கி ஒன்றை வாங்குவது. சர்வர் என்று நாம் பேச்சில் சொல்வதைத்தான் வழங்கி என்கிறேன். கோர் என்பதற்குக் கரு, உள்ளகம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எதுவும் இன்னும் நிலைபெறவில்லை என்பதால் நான் கோர் என்றே எழுதிவிடுகிறேன். தூயதமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

நான் எதிர்த்ததும் அவையில் ஒரு சலசலப்பு எழுந்தது. விலைப்புள்ளி கொண்டுவந்திருந்த விற்பனைப் பிரதிநிதி சிரித்துக்கொண்டே, "டீச்சர், இப்ப இருக்கிறது நாலு கோர். நாங்க கொடுக்கிறது முப்பத்திரண்டு. எட்டு மடங்கு. இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?" என்றார். பெற்றோர் பலரும் தலையசைத்தனர். எனக்கு அதில் வியப்பில்லை. எட்டு மடங்கு என்ற சொல்லில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவனுக்கு நாம் கற்பிக்கும் கணக்கும் அதே வழியில்தானே செல்கிறது? 4 பேர் 8 நாளில் கட்டும் சுவரை 32 பேர் எத்தனை நாளில் கட்டுவர்? ஒரே நாளில்! வினாத்தாளில் அது சரியான விடை. தரவுத்தளத்தில் அது தவறான விடை. எப்படித் தவறு என்பதைச் சொல்வதற்கு எனக்கு அன்று மூன்று நிமிடம்தான் தரப்பட்டது. முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று சொல்ல இயலாததை இங்கு எழுதுகிறேன். எங்கள் பள்ளிப் பெற்றோர் படித்தால் போதும். மற்றப் பள்ளியினரும் படித்தால் மகிழ்ச்சி.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஏறத்தாழ 420 மாணவர்கள் பயில்கின்றனர். மதிப்பெண்களுக்கும் வருகைப் பதிவுக்குமாக 2009-இல் ஒரு சிறு நிறுவனம் ஒரு நிரலை எழுதிக் கொடுத்தது. பின்னர் 2011-இல் பள்ளிசார் மதிப்பீடு வந்தது. அதற்கென ஒரு பகுதியைச் சேர்த்தனர். 2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீடே எல்லாம் என்றாகிவிட்டது. ஒவ்வொரு மாணவனுக்கும், ஒவ்வொரு பாடத்திலும், ஒவ்வொரு கற்றல் தரத்திற்கும் ஓர் அடைவுநிலையைப் பதிய வேண்டும். 420 மாணவர், 10 பாடம், பாடத்திற்கு ஏறக்குறைய 50 தரம் என்று கொண்டால் ஆண்டுக்கு 210,000 வரிகள். ஐந்தாண்டில் ஒரு மில்லியனைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டது.

அரையாண்டு இறுதியில் ஆசிரியர் முப்பது பேரும் ஒரே வாரத்தில் பதியத் தொடங்கும்போது திரையில் வட்டம் சுழலும், சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு வகுப்பின் 35 பெயர்களுக்கு ஒரே ஒரு பாடத்தைப் பதிய அரைமணி நேரம் காத்திருந்தவர்கள் உண்டு. காத்திருந்து, பக்கம் செத்துப்போய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியவர்களும் உண்டு.

இதற்கு நாங்கள் கண்ட தீர்வு என்ன தெரியுமா? ஓர் அட்டவணை! ஒன்றாம், இரண்டாம் ஆண்டு ஆசிரியர்கள் இரவு பத்து மணிக்கு மேல். மூன்றாம், நான்காம் ஆண்டு நள்ளிரவுக்கு மேல். ஐந்தும் ஆறும் அதிகாலை நான்கு மணி முதல். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு விடியற்காலை மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்த ஆசிரியை ஒருவரை நான் அறிவேன். மறுநாள் காலைச் சபைகூடலில் அவருடைய அர்ப்பணிப்பைப் பாராட்டினர். எனக்கு அன்று வந்த சினம் இன்னும் தணியவில்லை. கணினிக்குள் நிற்க வேண்டிய வரிசையை எடுத்து ஆசிரியர்களின் தூக்கத்திற்குள் நிறுத்தியிருந்தோம். அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயரும் வைத்துவிட்டோம்.

பள்ளியின் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பு என் தலையில் இருக்கிறது. பயிற்சிக் கல்லூரியில் தமிழோடு கணினியையும் துணைப்பாடமாகப் படித்த ஒரே குற்றத்திற்காக வந்த பொறுப்பு அது. எனவே, நெரிசல் உச்சத்தில் இருந்த ஒரு மாலையில் அலுவலகத்தில் உள்ள வழங்கியின் முன் சென்று அமர்ந்தேன். செயலி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் வரைபடத்தைத் திறந்தேன்.

25 விழுக்காடு.

முப்பது ஆசிரியர்கள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த இயந்திரம் தன் ஆற்றலில் கால்பங்கைத்தான் செலவழித்துக்கொண்டிருந்தது. நான்கு கோர்களில் ஒன்று மூச்சுமுட்ட ஓடியது. மற்ற மூன்றும் உறங்கின. இருக்கிற நான்கில் மூன்று சும்மா இருக்கின்றன. இந்த நிலையில் முப்பத்திரண்டு வாங்கினால் என்ன ஆகும்? ஒன்று ஓடும், முப்பத்தொன்று உறங்கும். வரைபடம் 3 விழுக்காடு என்று காட்டும். "பார்த்தீர்களா, புதிய வழங்கி எவ்வளவு இலகுவாக இயங்குகிறது!" என்று அதையும் ஒருவர் மெச்சுவார்.

மூன்று கோர்கள் ஏன் உறங்கின? நம் பழைய வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். விரலட்டை எல்லாம் வருவதற்கு முன், அலுவலக முகப்பில் ஒரு தடித்த புத்தகமும், நூலில் கட்டிய ஒரு பேனாவும் இருக்கும். காலை ஏழு இருபதுக்கு இருபது ஆசிரியர்கள் ஒன்றாக வந்து நின்றால் என்ன நடக்கும்? ஒருவர் எழுதுவார், பத்தொன்பது பேர் நிற்பர். அலுவலகத்தை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டினாலும், பத்துக் கதவுகள் வைத்தாலும், எழுத்தர் எட்டுப் பேரை நியமித்தாலும், புத்தகம் ஒன்று, பேனா ஒன்று என்றால் எழுதுபவரும் ஒருவர்தான்.

எங்கள் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்னும் இலவச மென்பொருளில் இயங்குகிறது. உலகெங்கும் பயன்படும் நல்ல மென்பொருள். அதன்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அது அட்டவணைகளைச் சேமித்து வைக்கப் பல முறைகளை வைத்திருக்கிறது. 2009-இல் அதன் இயல்பான முறை மைஐசாம் என்பது. அம்முறையில் ஒருவர் ஓர் அட்டவணையில் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் அந்த அட்டவணை முழுவதும் பூட்டப்படும். மற்றவர் எழுத முடியாது, படிக்கவும் முடியாது. பூட்டு திறக்கும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். நான் சொன்ன புத்தகமும் பேனாவும் இதுதான். 2010 இறுதியில் வெளிவந்த 5.5 பதிப்பில் இன்னோடிபி என்ற முறையை இயல்பாக்கினர். அது வரிவரியாகப் பூட்டும். என் வரியை நான் திருத்துகையில் உங்கள் வரியை நீங்கள் திருத்தலாம். எங்கள் மென்பொருளும் இடையில் புதுப்பிக்கப்பட்டதுதான். ஆனால் மென்பொருளைப் புதுப்பிப்பதால் பழைய அட்டவணைகள் தாமாக மாறிவிடா. யாரேனும் ஒருவர் மாற்ற வேண்டும். எங்களுக்கு அந்த யாரேனும் ஒருவர் இல்லாமல் போனார்.

பூட்டு மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. பேனாவை வாங்கியவர் கையெழுத்திட்டுவிட்டு உடனே நகர்ந்தால் வரிசை விரைவில் கரையும். இங்கோ, பேனாவை வாங்கியவர் தம் பெயரைத் தேடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறார். அந்த ஒரு மில்லியன் வரி அட்டவணைக்குச் சுட்டி இல்லை! சுட்டி என்றால் நூலின் இறுதியில் வரும் சொல்லடைவு போன்றது. 'இன்ன மாணவன், இன்ன தரம்' என்று கேட்டால் நேரே இன்ன பக்கம் என்று காட்டும். அது இல்லாவிட்டால், ஒரு மாணவனின் ஓர் அடைவுநிலையைப் பதிய ஒரு மில்லியன் வரிகளையும் இயந்திரம் வாசித்தாக வேண்டும். எங்கள் வழங்கியில் அதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி பிடித்தது. ஒரு விநாடிதானே என்று எண்ணாதீர்கள். முப்பது ஆசிரியர், ஆளுக்கு 35 மாணவர்: 1,050 பதிவுகள். பூட்டு ஒன்றே என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக 1,050 விநாடி. பதினேழரை நிமிடம்! அதுவும் ஒரே ஒரு தரத்திற்கு மட்டும். இதில் கோர்களின் எண்ணிக்கை எந்த இடத்தில் வந்தது? எங்கும் வரவில்லை.

சுட்டி என்பதொன்றும் நேற்றுக் கண்டுபிடித்த புதுமை அன்று. இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் பி-மரம் என்ற அமைப்பை 1970களின் தொடக்கத்திலேயே பேயர், மெக்கிரைட் என்னும் இருவர் வகுத்துவிட்டனர். ஒரு மில்லியன் வரிகள் இருந்தாலும் மூன்று நான்கு எட்டுகளில் வேண்டிய வரிக்குக் கொண்டுபோய் விடும். ஐம்பதாண்டுப் பழைமையான இந்த அறிவுக்கு விலைப்புள்ளி கிடையாது. அதனால்தானோ என்னவோ அதைப் பற்றி எந்த விற்பனையாளரும் வாய் திறப்பதில்லை.

இனி அந்த 'எட்டு மடங்கு' கணக்கிற்கு வருகிறேன். ஐபிஎம் நிறுவனத்தில் பெருங்கணினிகளை வடிவமைத்த ஜீன் அம்டால் 1967-இல் ஒரு மாநாட்டில் எளிய உண்மை ஒன்றைச் சொன்னார். ஒரு வேலையில் பலர் பகிர்ந்து செய்யக்கூடிய பகுதியும் உண்டு. ஒருவரே வரிசையாகச் செய்ய வேண்டிய பகுதியும் உண்டு. எத்தனை பேரைச் சேர்த்தாலும் முதற்பகுதிதான் சுருங்கும். இரண்டாம் பகுதி அப்படியே நிற்கும். இதைத்தான் அம்டால் விதி என்கின்றனர். ஒரு வேலையில் பாதி வரிசையாக நடக்க வேண்டியது என்று வைத்துக்கொள்வோம். 4 கோர்களில் வேகம் 1.6 மடங்கு. 32 கோர்களில்? 1.94 மடங்கு. கோடிக் கோர்கள் கொடுத்தாலும் இரண்டு மடங்கைத் தாண்டாது. சரி, பத்தில் ஒரு பங்குதான் வரிசை வேலை என்று தாராளமாகவே வைப்போம். 4 கோர்களில் 3.08 மடங்கு, 32 கோர்களில் 7.8 மடங்கு. நான்கிலிருந்து முப்பத்திரண்டுக்குப் போனதால் கிடைத்தது எட்டு மடங்கன்று; இரண்டரை மடங்குதான். எங்கள் நிலையிலோ பதியும் வேலை ஏறக்குறைய முழுவதுமே வரிசை வேலை. கைக்கணிப்பானை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டுப் பின்னக் கணக்குத் தெரிந்தால் போதும்.

இந்தக் கோர் மோகம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் புதுச் செயலி என்றால் அதே வேலையை அது உண்மையிலேயே விரைவாகச் செய்யும். நாம் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இரண்டாண்டு பொறுத்திருந்து புதிய கணினி வாங்கினால் பழைய நிரலும் வேகமாக ஓடும். வெப்பமும் மின்செலவும் அந்த ஓட்டத்தைத் தடுத்தன. 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 செயலியை வெளியிடப் போவதில்லை என்று இண்டெல் 2004-இல் கைவிட்டது. மறு ஆண்டே இண்டெலும் ஏஎம்டியும் மேசைக் கணினிகளுக்கு இரட்டைக் கோர் செயலிகளைக் கொண்டுவந்தன. வழங்கிகளுக்கு ஐபிஎம் 2001-லேயே பவர்4 என்ற இரட்டைக் கோர் செயலியைத் தந்துவிட்டது. ஒரு கோரை வேகப்படுத்த இயலாததால் கோர்களைப் பெருக்கினர். 2024-இல் வந்த ஏஎம்டி செயலி ஒன்றில் 192 கோர்கள் இருக்கின்றன. 2005-இலேயே ஹெர்ப் சட்டர் என்னும் நிரலறிஞர் இலவச விருந்து முடிந்துவிட்டது என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி எச்சரித்தார்: இனி நிரலை எழுதுகிறவர்தான் வேலையைப் பிரித்துக்கொடுக்க வேண்டும், இயந்திரம் தானாகச் செய்துதராது. இருபதாண்டு கழிந்தும் அச்செய்தி நம் கூட்டங்களுக்கு வந்து சேரவில்லை.

மேலும், கோர்கள் மிகுந்த செயலியில் ஒவ்வொரு கோரும் பொதுவாகச் சற்று மெதுவாகவே ஓடும். அத்தனை கோர்களின் வெப்பத்தையும் சிறு வில்லைக்குள் அடக்கியாக வேண்டுமே! மைஎஸ்கியூஎல்லில் ஒரு வினவலை ஒரே ஒரு கோர்தான் செய்துமுடிக்கும் என்பதே பெரும்பாலும் நிலை. ஆக, வரிசையில் நின்று ஒரு கோரை நம்பியிருக்கும் வேலைக்கு அத்தகைய இயந்திரம் பழையதைவிட மந்தமாகவும் அமையக்கூடும். காசு கொடுத்து வாங்கும் மந்தம்!

தரவுத்தளம் எழுதும் வல்லுநர்களே இதில் பட்ட பாடு கொஞ்சமன்று. வரிப்பூட்டு இருந்தாலும் மென்பொருளின் உள்ளே வேறு சிறுசிறு பூட்டுகள் இருக்கும். நினைவகத்தில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்னும் பட்டியல், அடுத்த பதிவெண் என்ன என்னும் குறிப்பு, இவற்றை ஒரு நேரத்தில் ஒரு கோர்தான் தொடலாம். பல கோர்கள் ஒரே குறிப்பைத் தொட முனைந்தால் அக்குறிப்பு கோருக்குக் கோர் கைமாறிக்கொண்டே இருக்கும். உழைக்கும் நேரத்தைவிடக் கைமாற்றும் நேரம் கூடிவிடும். 2000களின் பிற்பாதியில் இன்னோடிபியே எட்டுக் கோர்களுக்கு அப்பால் திணறியது. கோர் கூடக் கூட வேகம் குறைந்த நிலையும் உண்டு. கூகிள் பொறியாளர்கள் திருத்தங்கள் எழுதினர். 5.5-இலும், 2013-இல் வந்த 5.6-இலும் அப்பூட்டுகளைத் துண்டுதுண்டாகப் பிரித்தனர். போஸ்ட்கிரெஸ் என்னும் மற்றோர் இலவசத் தரவுத்தளம் 2012-இல் வந்த 9.2 பதிப்பில்தான், படிக்கும் வேலைகளுக்கு 64 கோர்கள்வரை சீராக வேகம் கூடுகிறது என்று அறிவித்தது. படிக்கும் வேலைக்கு! எழுதும் வேலை வேறு கதை. 2014-இல் எம்ஐடி ஆய்வாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும் 1,024 கோர்கள் கொண்ட இயந்திரத்தைப் பாவனையாக உருவாக்கி, ஒரே நேரத்தில் பலர் எழுதுவதை ஒழுங்குபடுத்தும் ஏழு முறைகளைச் சோதித்தனர். ஏழில் ஒன்றுகூட அத்தனை கோர்களுக்கும் ஈடுகொடுக்கவில்லை. உலகின் தலைசிறந்த மூளைகள் இவ்வளவு தடுமாறிய இடத்தில், "எட்டு மடங்கு, இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?" என்று ஒருவர் கேட்கிறார், நாமும் தலையாட்டுகிறோம்.

இரண்டு செயலிகள் பொருத்திய வழங்கி என்றால் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு செயலிக்கும் பக்கத்தில் தனி நினைவகம் இருக்கும். நம் பள்ளியில் 'ஏ' கட்டடத்து ஆசிரியர் மாணவர் பயிற்றேடுகளை எடுக்கப் பி கட்டடத்திற்கு நடந்து போவது போல, அடுத்த செயலியின் நினைவகத்தைத் தொட நேரம் கூடுதலாகும். இதற்கு மேல் இதை நீட்டவில்லை. எங்கள் விலைப்புள்ளியில் இருப்பது ஒற்றைச் செயலிதான்.

வன்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது அறியாமை. ஆயிரக்கணக்கானோர் ஒருவரோடொருவர் தொடர்பில்லாத செய்திகளைப் படிக்கும் இடங்களில் கோர்கள் உண்மையிலேயே பயன் தரும். நன்கு எழுதிய நிரலும் சுட்டிகளும் இருந்து, எல்லாக் கோர்களும் வியர்வை சிந்த உழைத்தும் போதவில்லையென்றால், தாராளமாக வாங்குங்கள். நானே முதலில் நன்கொடை தருவேன். என் சண்டை வாங்குவதோடு அன்று. அளந்து பார்க்காமல் வாங்குவதோடு.

பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன் என்ற பேச்சு வரக்கூடாதல்லவா? பள்ளி விடுமுறையில் கணினி அறைக்குச் சென்றேன். கழித்து ஒதுக்கிய மேசைக் கணினி ஒன்று அங்கே கிடந்தது. 2008-ஆம் ஆண்டு வாங்கியது, இரட்டைக் கோர், பழைய சுழலும் வன்தட்டு. தலைமையாசிரியையின் ஒப்புதலோடு தரவின் நகலில் மாணவர் பெயர்களை நீக்கிவிட்டு அதில் ஏற்றினேன். என் முன்னாள் மாணவன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்கிறான். "டீச்சர், உங்ககிட்ட படிச்சப்ப நான் கணினி அறையில விளையாடிக்கிட்டு இருந்தவன்" என்று கூச்சத்தோடு வந்து, முப்பது ஆசிரியர் ஒரே வேளையில் பதிவதுபோல் நடிக்கும் சிறுநிரலை எழுதித் தந்தான்.

உள்ளதை உள்ளபடி ஓடவிட்டபோது 1,050 பதிவுகளுக்கு 26 நிமிடம். பழைய இயந்திரம், எதிர்பார்த்ததே.

பிறகு அட்டவணையை இன்னோடிபிக்கு மாற்றினேன். இனிப் பறக்கும் என்று நினைத்தேன். பறக்கவில்லை! பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று பிழைச்செய்திகளாக வந்து குவிந்தன. எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு மாலை முழுவதும் ஆவணங்களைப் படித்த பிறகே புரிந்தது. வரிவரியாகப் பூட்டும் முறைதான் அது. ஆனால் சுட்டி இல்லாவிட்டால் வேண்டிய வரியைத் தேடிச் செல்லும் வழியில் வாசித்த வரிகளையெல்லாம் பூட்டிக்கொண்டே செல்கிறது. ஒரு மில்லியன் வரியையும் பூட்டினால் முழு அட்டவணையையும் பூட்டியதற்குச் சமந்தானே? ஐம்பது விநாடிக்கு மேல் காத்திருந்தவரைப் பிழை சொல்லி வெளியே அனுப்புவது அதன் இயல்பு. இங்கே நிறுத்தியிருந்தால், 'டீச்சர் சொன்னது தவறு, புதிய வழங்கிதான் வேண்டும்' என்று முடிவாகியிருக்கும்.

சுட்டி ஒன்றைச் சேர்த்தேன். ஒரே ஒரு வரிக் கட்டளை. மாணவர் எண், தரத்தின் எண், ஆண்டு, இம்மூன்றின்மேல். மீண்டும் ஓட்டினேன்: 14 விநாடி. நம்பாமல் மறுமுறையும் ஓட்டினேன். அதே 14 விநாடி.

அந்த 14 விநாடியும் ஏன் என்று மாணவன் கேட்டான். (நல்ல மாணவன், விளையாடியது வீண்போகவில்லை.) ஒவ்வொரு பதிவும் மின்வெட்டு நேர்ந்தாலும் அழியாதிருக்க வன்தட்டில் எழுதி உறுதி செய்யப்பட வேண்டும். அந்த வன்தட்டு நிமிடத்திற்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120 சுற்று சுழல்வது. ஒரு மாணவனுக்கு ஒருமுறை என்று 1,050 முறை உறுதி செய்கிறோம். வகுப்பு முழுவதையும் ஒரே பொதியாக ஒருமுறை உறுதி செய்தால் முப்பது முறை போதும். அதையும் மாற்றினோம். இரண்டு விநாடிக்குள் முடிந்தது. இருபத்தாறு நிமிடம் எங்கே, இரண்டு விநாடி எங்கே! இயந்திரம் அதே பழையது, கோர்கள் அதே இரண்டு, செலவு எனக்கும் அவனுக்கும் வாங்கிய இரண்டு பொட்டலம் நாசி லெமாக்.

பெற்றோர்களே, அந்த 18,000 ரிங்கிட் எப்படி வந்தது என்பதை நான் மறக்கவில்லை. உணவுச் சந்தைக்கு முதல்நாள் இரவு முழுவதும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நின்று கோழிக்கறி சமைத்த தாய்மார்களை நான் பார்த்தேன். தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்துவிட்டு, உறங்காமல் வந்து கூடாரம் கட்டிய தந்தை ஒருவர் பற்றுச்சீட்டுப் புத்தகம் இரண்டை விற்றுத் தீர்த்தார். அவர் கையால் வந்த பணத்தை உறங்கப்போகும் முப்பத்தொரு கோர்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நூலகத்தில் 2010-க்குப் பிறகு வாங்கிய தமிழ்க் கதைநூல்கள் ஓர் அலுமாரிக்குக் கூட நிறையவில்லை என்பதைக் குறைநிரப்புக் கல்வி ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். 'நமக்கு எதற்கு இந்த வம்பு, கணினி தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்று ஒதுங்குகிறோம். இயந்திரம் பாதியில் நின்றால் உட்கார்ந்து விழிப்பது நாமல்லவா? விற்பவரிடம் கேட்பதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை. நெரிசல் நேரத்தில் எத்தனை கோர்கள் உழைக்கின்றன? காத்திருக்கும் வினவல் எதற்காகக் காத்திருக்கிறது: செயலிக்கா, வன்தட்டுக்கா, பூட்டுக்கா? மிக மந்தமான வினவல் எது, அதற்குச் சுட்டி உண்டா? புதிய இயந்திரத்தில் எங்கள் தரவை ஏற்றி, எங்கள் கண்முன் ஓட்டிக் காட்ட இயலுமா? அன்று அந்தப் பிரதிநிதியிடம் முதற்கேள்வியை மட்டும் கேட்டேன். "அதெல்லாம் டெக்னிக்கல் டீம் பார்ப்பாங்க டீச்சர்" என்றார். டெக்னிக்கல் டீம் இதுவரை வரவில்லை.

கூட்டம் வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. விலைப்புள்ளி அந்த மாத இறுதிவரை செல்லும் என்று போட்டிருக்கிறது; அதனால் சிலர் அவசரப்படுகின்றனர். அந்த 2008-ஆம் ஆண்டுக் கணினியைக் கணினி அறையிலிருந்து மண்டபத்திற்குத் தூக்கிவர ஆறாம் ஆண்டு மாணவர்கள் இருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மேசையின் ஒரு கால் ஆடுகிறது. அதற்கு மட்டும் ஓர் அட்டையை மடித்து வைக்க வேண்டும்.